பையில் தொங்க ஒரு புறாமலைப் புறா

போன வருடம் அண்ணாவின் மகள் படிக்கக் கொழும்புக்குப் போனபோது, அவளுடைய பைக்கு ஒரு சின்னப் புறா பின்னிக் கொடுத்தேன். முதல் லீவுக்கு அவள் திருகோணமலை பஸ் நிலையத்தில் வந்து இறங்கியபோது பையில் வளையம் இருந்தது. வளையத்தில் விரல் நீளத்துக்கு நூலும் இருந்தது. புறா இல்லை. “எங்க விழுந்ததெண்டே தெரியேல்ல மாமி” என்றாள். கண் கலங்கியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அந்த வளையத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நூல் அறுந்திருக்கவில்லை. நான் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. முடிச்சுக்குள்ளே சாம்பல் நிறத்தில் இரண்டு துண்டு நூல் சிக்கியிருந்தது. புறாவின் உச்சந்தலையில் நான் கோத்துக் கட்டிய இரண்டு கண்ணிகள் அவை. கண்ணிகள் கிழிந்து, முடிச்சோடு போய்விட்டன.

அலமாரியில் வைக்கிற பொம்மை மாதிரி ஒன்றைப் பின்னி, கடைசியில் அதன் தலையில் ஒரு வளையத்தைக் கட்டியிருக்கிறேன். பையில் தொங்குகிற பறவை வேறு சாமான். அது பஸ் கம்பியில் இடிபடும், மழையில் நனையும், பிள்ளைகள் பிடித்து இழுப்பார்கள். அதற்குப் பிறகு பதினைந்து புறாவுக்கு மேல் பின்னிவிட்டேன். ஒன்றும் விழவில்லை. அந்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

புறா எதற்கு என்றால், எங்கள் ஊர்ப் பறவை அதுதான் என்று எனக்கு எண்ணம். நிலாவெளிக் கரையிலிருந்து பார்த்தால் தெரிகிற சின்னத் தீவு புறாமலை. அதற்குப் பேர் வந்ததே அங்கே பாறை இடுக்குகளில் கூடு கட்டும் மாடப்புறாக்களால். 1963இல் சரணாலயமாக்கி, 2003இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். இப்போது படகில் போகிறவர்கள் அநேகமாகப் பவளப்பாறையும் மீனும் பார்க்கத்தான் போகிறார்கள். நான் போன அன்று தண்ணீரில் இறங்கவே இல்லை, புறாக்களைப் பார்த்துக்கொண்டு பாறையோரம் இருந்துவிட்டேன். தலை கருஞ்சாம்பல். உடம்பு அதைவிட வெளிர். மடித்த செட்டையில் குறுக்கே இரண்டு கறுப்புப் பட்டை. வால் நுனியிலும் ஒரு கறுப்புக் கரை. கழுத்துதான் அதிசயம்: தலையை ஒரு பக்கம் திருப்பினால் பச்சை, மறுபக்கம் திருப்பினால் ஊதா. கண் செம்மஞ்சள், சொண்டின் அடியில் வெள்ளையாய் ஒரு சின்னப் புடைப்பு. இவ்வளவையும் ஏழு சென்டிமீட்டருக்குள் கொண்டுவந்துவிடலாம்.

வாங்க வேண்டியவை

5 இழை மில்க் கொட்டன் நூலில் கருஞ்சாம்பல், வெளிர்சாம்பல் ஒவ்வொரு பந்து. 50 கிராம் பந்து இரண்டும் இருந்தால் நாலைந்து புறா வரும். பச்சை, ஊதா, கறுப்பு, வெள்ளை, செம்மஞ்சள் எல்லாம் மிச்சம் கிடக்கிற துண்டுகளே போதும். 2.5 மில்லிமீட்டர் குரோஷே ஊசி. நூல் உறையில் 3 என்று போட்டிருந்தாலும் 2.5 எடுங்கள். பொம்மைக்குக் கண்ணிகள் நெருக்கமாய் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பஞ்சு வெளியே பல்லைக் காட்டும்.

பஞ்சு என்றால் தலையணைக்குள் வருகிற பொலியெஸ்டர் பஞ்சு. வீட்டில் இலவம் பஞ்சு இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். அதன் இழை மிக மெல்லியது, கண்ணி இடைவெளியால் கொஞ்சம் கொஞ்சமாய் வெளியே வரும், நனைந்தால் கட்டிபட்டுப் போகும்.

அடுத்தது வளையம். இங்கே கடற்காற்றில் முலாம் பூசிய இரும்பு வளையம் சில மாதத்தில் துருப்பிடித்து, சாம்பல் நிறப் புறாவின் தலையில் செம்மண் நிறத்தில் கறை வைக்கும். கடைக்குப் போகும்போது பிரிட்ஜில் ஒட்டுகிற காந்தம் ஒன்றைக் கொண்டுபோங்கள். பித்தளை என்று தருகிற வளையத்தில் காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு. ஒட்டாததை வாங்குங்கள்.

இவற்றோடு 15 மில்லிமீட்டர் அகலமான ஒரு பொத்தான், தடித்த நீள ஊசி ஒன்று, கண்ணி அடையாளத்துக்கு ஒரு ஊக்கு, அரை மீட்டர் நைலோன் வலைநூல். வலைநூல் எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

பின்னத் தொடங்க முன்

இந்தப் புறா முழுக்க ஒரே தையல்தான்: கண்ணிக்குள் ஊசியை விட்டு, நூலை இழுத்து, திரும்ப நூலைப் பிடித்து ஊசியில் இருக்கும் இரண்டு இழைக்குள்ளாலும் சேர்த்து இழுப்பது. அமெரிக்க முறையில் இதற்கு சிங்கிள் குரோஷே என்று பேர். பழைய பிரித்தானியப் புத்தகம் வைத்துப் பழகியவர்கள் இதையே டபிள் குரோஷே என்பார்கள். என் அம்மாவின் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. இணையத்தில் மாதிரி எடுக்கும்போது எந்த முறை என்று பார்க்காமல் தொடங்கினால் உருண்டையாய் வரவேண்டிய தலை நீண்டு போய்விடும்.

கூட்டல் என்றால் ஒரே கண்ணியில் இரண்டு போடுவது. குறைத்தல் என்றால் இரண்டு கண்ணியை ஒன்றாக்குவது. குறைக்கும்போது இரண்டு கண்ணியிலும் முன்பக்க இழையை மட்டும் கோத்து எடுங்கள், அப்போது ஓட்டை தெரியாது. சுற்றுகளை மூட வேண்டாம், நத்தை ஓடு மாதிரிச் சுழன்றுகொண்டே போகட்டும். அதனால்தான் ஊக்கு. ஒவ்வொரு சுற்றின் முதல் கண்ணியிலும் அதைக் குத்தி வையுங்கள்.

தலையும் உடலும்

கருஞ்சாம்பலில் தொடங்குங்கள். நூலை விரலில் சுற்றி, இழுத்தால் இறுகுகிற வளையம் ஒன்று செய்யுங்கள்.

சுற்று 1: வளையத்துக்குள் 6.
சுற்று 2: ஒவ்வொரு கண்ணியிலும் கூட்டல். மொத்தம் 12.
சுற்று 3: 1 போட்டு அடுத்ததில் கூட்டல், 6 தடவை. மொத்தம் 18.
சுற்று 4, 5, 6: மாற்றமில்லை, 18.
சுற்று 7: பச்சை. 1 போட்டு 1 குறைத்தல், 6 தடவை. மொத்தம் 12.
சுற்று 8: ஊதா. 12.
சுற்று 9: வெளிர்சாம்பல். 1 போட்டு 1 கூட்டல், 6 தடவை. மொத்தம் 18.
சுற்று 10: 2 போட்டு 1 கூட்டல், 6 தடவை. மொத்தம் 24.
சுற்று 11: 3 போட்டு 1 கூட்டல், 6 தடவை. மொத்தம் 30.
சுற்று 12 முதல் 15 வரை: 30.
சுற்று 16: 3 போட்டு 1 குறைத்தல், 6 தடவை. மொத்தம் 24.
சுற்று 17: 2 போட்டு 1 குறைத்தல், 6 தடவை. மொத்தம் 18.

இங்கே நிறுத்துங்கள். அடி திறந்தே இருக்கட்டும்.

நிறம் மாற்றும்போது முந்திய சுற்றின் கடைசிக் கண்ணியை முழுதாய் முடிக்காதீர்கள். ஊசியில் இரண்டு இழை இருக்கும்போதே புது நிறத்தைப் பிடித்து இழுத்துவிடுங்கள். என்ன செய்தாலும் நிறம் மாறுகிற இடத்தில் சின்னப் படி ஒன்று தெரியும். அதை ஒளிக்கப் பாடுபட வேண்டாம். அந்தப் படி இருக்கிற பக்கம்தான் புறாவின் முதுகு என்று வைத்துக்கொள்ளுங்கள். முகம் அதற்கு நேர் எதிரே.

8ஆம் சுற்று முடிந்ததும் தலைக்குப் பஞ்சு வைத்துவிடுங்கள், பிறகு வைப்பது கஷ்டம். கழுத்துக்குள் நினைப்பதைவிட அதிகமாய்த் திணியுங்கள். கழுத்து இளகியிருந்தால் தலை சரிந்து, புறா தூங்குகிற மாதிரித் தொங்கும். உடம்புக்கும் அதே மாதிரி. சின்னச் சின்னத் துண்டாய்ப் பிய்த்து, பென்சிலின் பின்பக்கத்தால் ஓரங்களுக்குத் தள்ளுங்கள். விரலால் அமுக்கினால் பழுத்த கொய்யா அளவுக்கு இருக்க வேண்டும், அதைவிட மெத்தென்று இருந்தால் இன்னும் பஞ்சு வேண்டும்.

பாரம் எங்கே போகிறது

இனி வலைநூல். எங்கள் பக்கத்து வளவில் இருக்கிற அண்ணை வலை பொத்துகிறவர். பின்னேரங்களில் வேலியோரம் வலையை விரித்து, கால் பெருவிரலில் ஒரு ஓரத்தை மாட்டிக்கொண்டு இருப்பார். புறா இல்லாமல் திரும்பி வந்த அந்த வளையத்தை அவரிடம் காட்டினேன். முடிச்சை நகத்தால் பிரித்து, உள்ளே இருந்த சாம்பல் துண்டுகளை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

“நூலில பிழையில்ல தங்கச்சி. பாரத்த ரெண்டு கண்ணில விட்டா கண்தான் கிழியும். வலையில நாங்க பாரத்தக் கயித்தில விடுவம். கண்ணில விடமாட்டம்.”

அப்போதுதான் வலையை ஒழுங்காய்ப் பார்த்தேன். மேலே ஒரு கயிறு, கீழே ஒரு கயிறு. கண்கள் எல்லாம் அவற்றில் தொங்குகின்றன. இழுவை முழுக்கக் கயிற்றில். அவரே அரை மீட்டர் நைலோன் நூல் வெட்டித் தந்தார், பச்சை நிறம், புறாவின் கழுத்தோடு சேர்ந்து போகிற பச்சை. உங்களுக்கு மீன்பிடிச் சாமான் கடையில் கிடைக்கும். தடித்தது வேண்டாம், முறுக்கிய நூலில் மெல்லியதாய்க் கேளுங்கள்.

நூலை இரண்டாய் மடியுங்கள். மடிப்பு விழுந்த பக்கத்தில் வளையத்தைக் கோத்துவிடுங்கள். இரண்டு நுனியையும் தடித்த ஊசியில் கோத்து, உச்சந்தலையின் நடுவில், முதல் வளையத்தை இறுக்கிய அந்தப் புள்ளியிலேயே, ஊசியை இறக்குங்கள். தலை, கழுத்து, உடம்பு எல்லாவற்றின் நடுவாலும் போய், திறந்திருக்கிற அடியால் ஊசி வெளியே வர வேண்டும். கழுத்தில் ஊசி பக்கவாட்டில் ஓடப் பார்க்கும். மற்றக் கையால் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, ஊசி நுனியை விரலில் உணர்ந்து உணர்ந்து இறக்குங்கள். அவசரப்பட வேண்டாம், இந்தப் புறாவில் முக்கியமான வேலை இதுதான்.

வெளியே வந்த இரண்டு நுனியையும் பொத்தானின் இரண்டு ஓட்டையில் ஒவ்வொன்றாய் விட்டு, பொத்தானின் அடிப்பக்கத்தில் முடிச்சுப் போடுங்கள். நைலோன் வழுக்கும், ஒரு முடிச்சு நிற்காது. மூன்று போடுங்கள், ஒவ்வொன்றையும் கொஞ்சம் எச்சில் தொட்டு இறுக்குங்கள். மிச்ச நுனியை அரை சென்டிமீட்டர் விட்டு வெட்டி, லைட்டரை ஒரு கணம் கிட்டே காட்டினால் நுனி உருகிச் சின்ன மணியாய்த் திரளும். புறாவைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு செய்யுங்கள், கொட்டன் நூல் கருகிவிடும். உருகிய நைலோனைக் கையால் தொடவும் வேண்டாம், தோலில் ஒட்டிக்கொள்ளும்.

ஆறினதும் மேலே வளையத்தைப் பிடித்து மெல்ல இழுங்கள். பொத்தான் அடிக்குள் ஏறிப் பஞ்சில் படியும். உச்சந்தலைக்கு மேலே நாலைந்து சென்டிமீட்டர் நூல் நிற்கும். இப்போது யாராவது புறாவைப் பிடித்து இழுத்தால் பாரம் உச்சிக் கண்ணிகளில் விழாது. நூல் பொத்தானைத் தூக்கும், பொத்தான் உடம்புப் பஞ்சு முழுவதையும் தூக்கும். பஞ்சு அடைத்த அந்தக் குறுகிய கழுத்தால் பொத்தான் மேலே ஏறவே ஏறாது. சட்டைப் பொத்தான் போடலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம், அது சின்னது.

பொத்தானுக்குக் கீழே இன்னும் ஒரு சிட்டிகை பஞ்சு வைத்து மூடுங்கள்.

சுற்று 18: 1 போட்டு 1 குறைத்தல், 6 தடவை. மொத்தம் 12.
சுற்று 19: 6 குறைத்தல். மொத்தம் 6.

நூலை வெட்டி, மிச்சமிருக்கிற ஆறு கண்ணியின் முன்னிழைகளில் கோத்து இழுத்து மூடி, நுனியை உடம்புக்குள் ஒளித்துவிடுங்கள்.

செட்டை, வால், முகம்

செட்டை இரண்டு, வெளிர்சாம்பலில். இழுவை வளையத்தில் 4. அடுத்த சுற்றில் 1 போட்டு 1 கூட்டல், 2 தடவை, மொத்தம் 6. பிறகு 2 போட்டு 1 கூட்டல், மொத்தம் 8. 3 போட்டு 1 கூட்டல், 10. 4 போட்டு 1 கூட்டல், 12. இன்னும் இரண்டு சுற்று 12. கடலைச் சுருள் மாதிரி ஒரு கூம்பு வரும். பஞ்சு வைக்காமல் தட்டையாய் அமுக்கி, வாயை இரண்டு பக்கமும் சேர்த்து 6 கண்ணியால் மூடுங்கள். தைப்பதற்கு நீள நூல் விட்டு வெட்டுங்கள்.

கறுப்புப் பட்டைகளை நான் முதலில் நிறம் மாற்றித்தான் பின்னினேன். இவ்வளவு சின்னச் செட்டையில் நாலு தடவை நிறம் மாற்றினால் உள்ளே நூல் நுனிகள் சேர்ந்து செட்டை வீங்கிவிடுகிறது. இப்போது பின்னி முடித்தபிறகு கறுப்பு நூலால் குறுக்கே இரண்டு வரி தைக்கிறேன். இரண்டு வரியும் நுனிப்பக்கம் தள்ளியே இருக்க வேண்டும், நடுவில் வைத்தால் தேனீ மாதிரித் தெரியும்.

செட்டையின் அகலப் பக்கத்தை 10ஆம் சுற்றில், தோள் வருகிற இடத்தில் தையுங்கள். நுனி வால் பக்கம் சரிந்திருக்கட்டும். நுனிக்குக் கொஞ்சம் மேலே உடம்போடு சேர்த்து இன்னும் ஒரு தையல் போடுங்கள். விரிந்து நிற்கிற செட்டை வடிவுதான், ஆனால் பையில் அது எல்லாவற்றிலும் கொளுவும். இதே காரணத்துக்காகத்தான் கால் வைப்பதை விட்டுவிட்டேன். சிவப்பு நூலில் இரண்டு கால் வைத்துக் கொடுத்த புறா ஒன்று, பையின் சிப்பில் காலை மாட்டிக்கொண்டு வந்தது.

வாலுக்கு 5 சங்கிலி போட்டு (ஊசியில் இருக்கும் ஒற்றை இழைக்குள்ளால் நூலை இழுத்தால் ஒரு சங்கிலி), முதல் சங்கிலியை விட்டு 4 கண்ணி. திருப்பித் திருப்பி மொத்தம் 5 வரி, ஐந்தாவது வரி கறுப்பில். முதுகுப் பக்கம் 15ஆம் சுற்றில், கறுப்புக் கரை கீழே பார்க்கத் தையுங்கள்.

முகத்தை வெளிச்சம் இருக்கும் நேரத்தில் செய்யுங்கள். நிறப்படிக்கு நேர் எதிரே, 5ஆம் 6ஆம் சுற்றுகளுக்கு இடையில் கறுப்பு நூலால் ஒரே இடத்தில் மூன்று நாலு தடவை குறுக்கே தைத்தால் சொண்டு. அதற்கு மேலே வெள்ளையில் ஒரேயொரு தையல். அந்த ஒரு வெள்ளைத் தையல் விழுகிற வரைக்கும் அது ஏதோ ஒரு குருவி. விழுந்ததும் புறா.

கண் சொண்டிலிருந்து இரண்டு பக்கமும் 4 கண்ணி தள்ளி, 4ஆம் 5ஆம் சுற்றுகளுக்கு இடையில். செம்மஞ்சளில் ஒரு சின்ன வட்டம், நடுவில் கறுப்பு முடிச்சு. பிளாஸ்டிக் கண் கடையில் கிடைக்கும், வேலையும் சுலபம். ஆனால் பையில் தொங்குவதைக் கைக்குழந்தை வாயில் வைக்கும், பிளாஸ்டிக் கழன்றால் தொண்டையில் போகும். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் நூலிலேயே தையுங்கள். நான் எல்லாவற்றுக்கும் நூல்தான்.

மாட்ட முன், மாட்டிய பின்

யாருக்கும் கொடுக்க முன் ஒரு சோதனை வைக்கிறேன். 1 லீட்டர் போத்தலில் தண்ணீர் நிரப்பி, அதன் கழுத்தை ஒரு கயிற்றால் வளையத்தோடு கட்டி, புறாவின் உடம்பைக் கையில் பிடித்துத் தூக்குவேன். நூறு எண்ணும்வரை. பொத்தான் கொஞ்சம் அழுந்தும், இறக்கினதும் பழையபடி வரும். உச்சந்தலையில் கண்ணி விரிந்தால், ஊசி நடுவால் போகவில்லை என்று அர்த்தம். அடியைப் பிரித்து நூலைத் திரும்பக் கோக்க வேண்டியதுதான்.

கறுப்பும் ஊதாவும் சாயம் விடுமா என்று பின்ன முன்பே பாருங்கள். நூல் துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் பொத்தி அழுத்தினால் தெரிந்துவிடும். ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும் எங்களுக்கு மழைக்காலம். சாயம் விடுகிற நூல் அந்த நாட்களில் புறாவை மட்டுமல்ல, வெள்ளைச் சீருடையையும் கெடுக்கும்.

கழுவுவதற்கு ஷாம்பு இரண்டு சொட்டு விட்ட தண்ணீரில் அமுக்கி அமுக்கி எடுங்கள், முறுக்க வேண்டாம். பழைய துவாயில் சுற்றி ஈரத்தை ஒற்றிவிட்டு, வளையத்தில் தொங்கவிட்டு நிழலில் காயவையுங்கள். உள்ளே பஞ்சு காய இரண்டு நாள் எடுக்கும். மழைநாளில் மின்விசிறிக்குக் கீழே விடுங்கள். வெளியே காய்ந்துவிட்டது என்று எடுத்துப் பைக்குள் போட்டால் உள்ளே பூஞ்சணம் மணக்கும்.

அண்ணாவின் மகளுக்கு இந்த முறையில் பின்னின இரண்டாவது புறா இந்தப் பொங்கலுக்கு அவளோடு வீட்டுக்கு வந்தது. கொழும்புத் தூசியில் வெளிர்சாம்பலும் கருஞ்சாம்பலும் ஒரே நிறமாய்ப் போயிருந்தது. கழுவிப் பார்த்தேன். உச்சந்தலைக் கண்ணிகள் பின்னின அன்று இருந்த மாதிரியே இறுக்கமாய் இருந்தன. வால் நுனிக் கறுப்பில் மட்டும் நூல் கொஞ்சம் பிசிறு விட்டிருந்தது. அதைக் கத்தரித்துவிட்டு, மூன்றாம் நாள் இரவு பஸ்ஸுக்கு அவள் புறப்பட முன் பையில் திரும்ப மாட்டிவிட்டேன்.